டோக்கியோவில் நிலநடுக்கம்: புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நிஷிகசாய், ஓஜிமா பக்கம் வீடு பிடித்து வரும் நம் ஆட்களுக்கு முதல் ஆட்டம் வந்ததும் எழுகிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். அடிப்படையானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. டிவியில ஷிண்டோ 4-ங்கறாங்க, செய்தியில 6.2-ங்கறாங்க. எதை நம்பறது?

இரண்டுமே சரி. மேக்னிட்யூட் என்பது நிலநடுக்கத்தின் மொத்த வலிமை. ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரே எண்தான். ஷிண்டோ என்பது நீங்கள் நிற்கும் இடத்தில் தரை எவ்வளவு ஆடியது என்பது. ஊருக்கு ஊர் மாறும். 2011 மார்ச் 11 அன்று மேக்னிட்யூட் 9.0. மியாகி மாவட்டத்தின் குரிஹாராவில் ஷிண்டோ 7, டோக்கியோ நகரப் பகுதியில் அதிகபட்சம் 'மேல் 5'.

ஷிண்டோ 0 முதல் 7 வரை. 5-க்கும் 6-க்கும் மட்டும் 'கீழ்', 'மேல்' என்று இரண்டு படி உண்டு, ஆக மொத்தம் பத்து. 4 என்றால் தொங்கும் விளக்கு நன்றாக ஆடும், பயம் வரும், அவ்வளவுதான். 'கீழ் 5'-இல் தட்டும் புத்தகமும் விழும். 'மேல் 5'-இல் பிடிமானம் இல்லாமல் நடப்பது கடினம், கட்டிவைக்காத அலமாரி சாயலாம். 'கீழ் 6'-இல் நிற்கவே சிரமம், கதவு சிக்கிக்கொள்ளலாம். 'மேல் 6'-க்கு மேல் தவழ்ந்துதான் நகரமுடியும். உங்களுக்கு வேண்டியது ஷிண்டோ எண்தான்.

2. போன் திடீர்னு அலறுதே, அதுக்கப்புறம் எத்தனை நொடி இருக்கு?

சில நொடி முதல் சில பத்து நொடி வரை. நிலநடுக்கத்தில் முதலில் வரும் மெல்லிய அலை நொடிக்குச் சுமார் 7 கிலோமீட்டர் ஓடும். உலுக்குகிற அலை சுமார் 4 கிலோமீட்டர்தான். முதல் அலையைக் கருவி பிடித்ததும் வானிலை முகமை எச்சரிக்கையை அனுப்பிவிடுகிறது. மையம் தூரக் கடலில் என்றால் நேரம் கிடைக்கும். மையம் உங்கள் காலடியில் என்றால் ஆட்டம் வந்த பிறகுதான் போன் கத்தும். அதனால் சத்தம் வந்ததும் செய்தியைப் படிக்காதீர்கள், மேசைக்கடியில் போங்கள்.

ஊரில் வாங்கிய சில போன்களில் இந்த எச்சரிக்கை வருவதில்லை. 'சேஃப்டி டிப்ஸ்' என்ற இலவச ஆப்பை இறக்கி வையுங்கள், ஆங்கிலத்தில் சொல்லும்.

3. ஆட ஆரம்பிச்ச உடனே வெளிய ஓடிடலாமா? ஊர்ல அப்படித்தானே சொல்வாங்க?

வேண்டாம். இங்கே புதிய கட்டடங்கள் பெரும்பாலும் நிற்கும். அதற்குள் நாம் வைத்திருக்கும் சாமான்தான் ஆளை அடிக்கிறது. அண்மைக்கால நிலநடுக்கங்களில் காயம்பட்டவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேர் அலமாரி, ஃபிரிட்ஜ் மாதிரியான சாமான் விழுந்தோ சரிந்தோ காயம்பட்டவர்கள் என்று டோக்கியோ தீயணைப்புத் துறை சொல்கிறது. வெளியே ஓடினால் ஜன்னல் கண்ணாடி, ஓடு, விளம்பரப் பலகை எல்லாம் தலைக்கு மேல். 2018 ஜூன் 18 அன்று வட ஓசாகா நிலநடுக்கத்தில் பள்ளி நீச்சல்குளத்தின் பிளாக் சுவர் விழுந்து, நடந்து போய்க்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி இறந்தாள். அந்த நிலநடுக்கம் 6.1தான்.

செய்யவேண்டியது: குனி, மேசைக்கடியில் நுழை, மேசைக்காலைப் பிடித்துக்கொள். மேசை நகரும், கூடவே நீங்களும் நகரவேண்டும், அதற்குத்தான் பிடிப்பது. மேசை இல்லையென்றால் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் தள்ளி உட்கார்ந்து, தலையணையோ பையோ கொண்டு தலையையும் பிடரியையும் மூடுங்கள். படுக்கையில் இருந்தால் அங்கேயே குப்புறப் படுத்துத் தலையணையால் மூடினால் போதும். ஆட்டம் நின்றதும் முதல் வேலை வாசற்கதவைத் திறந்து ஒரு செருப்பைச் செருகி வைப்பது. கதவுச்சட்டம் வளைந்தால் பிறகு திறக்காது.

4. அடுப்புல குக்கர் இருக்கு. முதல்ல அதை அணைக்கணும்தானே?

கை எட்டும் தூரத்தில் இருந்தால் அணையுங்கள். இல்லையென்றால் அடுப்பிடம் போகவே போகாதீர்கள். ஷிண்டோ 5 அளவு ஆட்டத்தில் கேஸ் மீட்டர் தானே வாயுவை நிறுத்திவிடும். ஆடும்போது அடுப்பருகே நின்று சாம்பாரோ எண்ணெயோ மேலே கொட்டிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து.

மீட்டர் அணைக்காத தீ ஒன்று நம் வீடுகளில் உண்டு: சாமி விளக்கு. ஏற்றிவைத்துவிட்டுக் கடைக்குப் போகும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். கனமான பித்தளைக் குத்துவிளக்கு தரையில் இருக்கட்டும், அலமாரி மேல் வேண்டாம்.

5. எங்க பில்டிங் தாங்குமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஒரு தேதியைக் கேளுங்கள்: 1981 ஜூன் 1. அன்றுமுதல் புதிய நிலநடுக்க விதி. பார்க்கவேண்டியது கட்டி முடித்த ஆண்டு அல்ல, கட்ட அனுமதி உறுதியான நாள். 1982-இல் முடிந்த அடுக்குமாடி பழைய விதிப்படி அனுமதி வாங்கியதாக இருக்கலாம். பழைய கட்டடம் என்றால் உறுதிச் சோதனை நடந்திருக்கிறதா, முடிவு என்ன என்பதை ஒப்பந்தத்துக்கு முன் நடக்கும் 'ஜூயோ ஜிகோ' விளக்கத்தில் சொல்லியாக வேண்டும். புரியாமல் தலையாட்டிவிடாதீர்கள்.

மரவீடு என்றால் இன்னொரு தேதி, 2000 ஜூன். தூணும் உத்தரமும் சேரும் இடத்து உலோகப் பிடிகள் அப்போதுதான் தெளிவான கட்டாயமாயின. 2016 குமமோட்டோ நிலநடுக்கத்துக்குப் பின் மஷிகி ஊரின் நடுப்பகுதியில் எண்ணிப் பார்த்ததில், 1981-க்கு முந்தைய மரவீடுகளில் சுமார் 28 சதவீதம் இடிந்து விழுந்திருந்தன. 1981-2000 வீடுகளில் சுமார் 9. அதற்குப் பிந்தையவற்றில் சுமார் 2. வாடகை ஐயாயிரம் யென் குறைகிறதே என்று பழைய மரவீட்டுக் கீழ்த்தளம் எடுப்பவர்கள் இந்த மூன்று எண்களையும் பார்த்துவிட்டு எடுக்கட்டும்.

6. வாடகை வீடு. சுவத்துல ஆணி அடிச்சா ஓனர் திட்டுவாரு. அலமாரியை எப்படிக் கட்டறது?

முதலில் வீட்டுக்காரரைக் கேளுங்கள். நிலநடுக்கத்துக்காக என்றால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். அனுமதி கிடைத்தால் எல்-வடிவ இரும்புப் பட்டைதான் சிறந்தது. ஆனால் இங்கத்திய சுவர் பெரும்பாலும் ஜிப்சம் பலகை. அதில் மட்டும் ஏறிய திருகு, இழுத்த இழுப்பில் வந்துவிடும். உள்ளே மரக்கட்டை ஓடும் இடத்தில் திருகவேண்டும். ஹோம் சென்டரில் மெல்லிய ஊசி உள்ள 'ஷிதாஜி' தேடும் கருவி கிடைக்கும். குத்திப் பார்த்தால் கட்டை இருக்குமிடம் தெரியும்.

அனுமதி இல்லையென்றால் இரண்டைச் சேர்த்துப் பயன்படுத்துங்கள்: மேலே கூரைக்கும் அலமாரிக்கும் நடுவே முட்டுக்கொடுக்கும் கம்பி இரண்டு, கீழே முன்விளிம்பில் ஆப்பு மாதிரியான ஸ்டாப்பர். கம்பியை இரு ஓரத்திலும், சுவரை ஒட்டிப் பின்பக்கமாக வையுங்கள். முன்பக்கம் வைத்தால் பிடிப்பு குறைவு. கூரை மெத்தென்று இருந்தால் இடையில் பலகை கொடுங்கள், இல்லையென்றால் கூரைதான் மேலே தள்ளிக்கொள்ளும். கம்பி மட்டும் போட்டு நிறுத்துவதுதான் எல்லோரும் செய்கிற அரைகுறை வேலை.

வெட் கிரைண்டரும் மிக்ஸியும் தரையிலோ கீழ்த்தட்டிலோ இருக்கட்டும். பத்துக் கிலோ கல் உள்ள கிரைண்டர் மேடையிலிருந்து இறங்கினால் அடியில் ஒட்டும் எந்த ஜெல் அட்டையும் நிறுத்தாது. ஃபிரிட்ஜுக்குப் பின்பக்க மேல்புறம் பட்டை. எதையும் கட்ட முடியாத வீடென்றால், சாய்ந்தாலும் தலைமேல் விழாத இடத்தில், கதவை அடைக்காத பக்கமாகப் படுக்கையைத் திருப்புங்கள். அதற்குச் செலவே இல்லை. படுக்கையருகே ஒரு ஜோடி செருப்பும் டார்ச்சும் வையுங்கள், இருட்டில் கண்ணாடித் துண்டில் கால் வைக்காதிருக்க.

7. எவ்வளவு தண்ணி, என்ன சாப்பாடு வெச்சுக்கணும்? நாங்க சைவம்.

ஆளுக்கு நாளுக்கு 3 லிட்டர். குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம். நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு வாரம் என்றால் 84 லிட்டர்: இரண்டு லிட்டர் பாட்டில் ஆறு கொண்ட பெட்டி ஏழு. வாங்கிப் பூட்டிவைக்காமல், பழையதைக் குடித்துப் புதியதை அடியில் சேர்த்துக்கொண்டே இருந்தால் காலாவதி ஆகாது.

முகாமில் முதலில் வருவது அரிசி உருண்டையும் ரொட்டியும். உருண்டைக்குள் மீன் இருக்கும், சாறில் கட்சுவோ (சூரை மீன்) இருக்கும். அந்த நேரத்தில் விசாரிக்க ஆள் இருக்காது. அதனால் சைவக்காரர்கள் சொந்தக் கையிருப்பை நம்புவதே நல்லது. தீயே வேண்டாத சாப்பாடு நம்மிடம் நிறைய: அவல் (தண்ணீரில் ஊறினால் போதும்), பொரி, சத்துமாவு, வேர்க்கடலை, பேரீச்சை, ஊறுகாய். வெந்நீரோ வெறும் தண்ணீரோ ஊற்றினால் சோறாகும் 'அல்ஃபா' அரிசி இங்கத்திய கடைகளில் கிடைக்கும். வெள்ளைச் சோறு வகை பார்த்து வாங்குங்கள்.

சமைக்கக் கேசெட் அடுப்பு. 250 கிராம் கேன் முழுத்தீயில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரும். நாளுக்கு ஒரு மணி நேரம் எரித்தால் வாரத்துக்கு ஏழு கேன். அகலமான தோசைக்கல்லை அதில் போடவேண்டாம். கேன் இருக்கும் பக்கத்தையும் கல் மூடினால் சூடு கீழே அடித்துக் கேன் வெடிக்கும். கேனைத் தயாரித்த ஏழு ஆண்டுக்குள் தீர்த்துவிடுங்கள்.

8. தண்ணி வரலைன்னா பாத்டப்புல இருக்கறதை ஊத்தி டாய்லெட் போகலாம்ல?

அடுக்குமாடியில் இது பெரிய தப்பு. ஆட்டத்தில் கழிவுக் குழாய் எங்காவது உடைந்திருந்தால் நீங்கள் ஊற்றியது கீழ்வீட்டுக்காரர் குளியலறையில் பொங்கும். நிர்வாகம் 'குழாய் சரி' என்று சொல்லும்வரை ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது. 2011-இல் பக்கத்து உராயாசு நகரில், கடலை நிரப்பி எடுத்த நிலம் கூழாகிக் கழிவுநீர்க் குழாய்கள் சேதமாயின. வீடு நின்றது, கழிப்பறை நின்றுவிட்டது.

பையும் கட்டியாக்கும் பொடியும் சேர்ந்த அவசரக் கழிப்பறைப் பொட்டலம் வாங்குங்கள். ஆளுக்கு நாளுக்கு ஐந்து தடவை. நாலு பேருக்கு ஒரு வாரம் 140. பலர் பத்து வாங்கிவைத்துத் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள், அது அரை நாளுக்குத்தான். உட்காரும் வளையத்தைத் தூக்கி முதலில் ஒரு பெரிய பையைப் போட்டுவிடுங்கள். வளையத்தை இறக்கி அதன்மேல் இரண்டாவது பை. முடிந்ததும் பொடி தூவி மேல்பையை மட்டும் கட்டி எடுக்கவேண்டும். அடிப்பை இல்லாவிட்டால் கிண்ணத்தில் நிற்கும் தண்ணீர் ஒவ்வொரு தடவையும் ஒட்டிக்கொண்டு வரும். கட்டிய பைகளை மூடியுள்ள டப்பாவில் பால்கனியில் வையுங்கள்.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் தொட்டியில் தண்ணீர் நிரப்பியே வைக்காதீர்கள். மூழ்கும் ஆபத்து நிலநடுக்கத்தைவிட அருகில் இருக்கிறது.

9. ஆட்டம் நின்னுடுச்சு, கேஸ் வரலை. யாரைக் கூப்பிடணும்?

முதலில் மூக்கைக் கூப்பிடுங்கள். வாடை அடித்தால் ஜன்னலைத் திற, எந்த மின்சார ஸ்விட்சையும் தொடாதே (எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட), வெளியே வந்து கேஸ் கம்பெனிக்குப் போன் செய்.

வாடை இல்லையென்றால் நீங்களே திருப்பிவிடலாம். எல்லா அடுப்பையும், வெந்நீர்க் கருவியையும் நிறுத்துங்கள். வாசலுக்கு வெளியே உள்ள மீட்டரில் சிறு மூடியைக் கழற்றி, உள்ளே உள்ள பொத்தானை அடிவரை அழுத்திச் சிவப்பு விளக்கு எரிந்ததும் கையை எடுங்கள். விளக்கு மினுங்கும். மூன்று நிமிடம் கேஸைத் தொடாதீர்கள்; கசிவு உண்டா என்று மீட்டர் பார்த்துக்கொண்டிருக்கும். மினுங்கல் நின்றால் பயன்படுத்தலாம். நிற்கவில்லையென்றால் எதோ ஒரு அடுப்பு திறந்திருக்கிறது அல்லது கசிகிறது. அந்த மூன்று நிமிடத்தில் அவசரப்பட்டு அடுப்பைத் திருப்புவதால்தான் பலருக்கு மீண்டும் மீண்டும் நின்றுபோகிறது.

10. கரண்ட் போயிடுச்சு. வந்தா தானே எரியும், அதுல என்ன?

அதில்தான் தீ. 1995 கோபே நிலநடுக்கத்தில் காரணம் தெரிந்த தீ விபத்துகளில் ஏறக்குறைய 60 சதவீதம் மின்சாரத்தால் வந்தவை. ஹீட்டர் கவிழ்ந்து மெத்தைமேல் கிடக்கும், அயர்ன் பாக்ஸ் விழுந்திருக்கும், வயர் அலமாரிக்கடியில் நசுங்கியிருக்கும். ஆள் இல்லாத வீட்டில் மின்சாரம் திரும்பி வரும். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது வாசல் பக்கம் இருக்கும் பிரேக்கர் பெட்டியில் மெயினை இறக்கிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகு ஏற்றுங்கள்.

11. முப்பதாவது மாடியில இருக்கோம். லிஃப்ட்டுல இருக்கும்போது வந்தா?

எல்லா மாடிப் பொத்தானையும் அழுத்துங்கள், முதலில் நிற்கும் மாடியில் இறங்கிவிடுங்கள். புதிய லிஃப்ட்கள் முதல் அலையை உணர்ந்ததும் தாமே அருகிலுள்ள மாடியில் நின்று கதவைத் திறக்கும். சிக்கிக்கொண்டால் அழைப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே காத்திருங்கள். மேல்கதவைத் திறந்து ஏற முயலவேண்டாம்.

உயரமான கட்டடத்துக்கு இன்னொரு தொல்லை உண்டு: தரை மெதுவாக ஆடும்போதும் மேல்மாடி நீண்ட நேரம் ஊசலாடும். 2011-இல் மையத்திலிருந்து 700 கிலோமீட்டருக்கும் அப்பால், ஓசாகாவின் 55 மாடி சகிஷிமா அரசுக் கட்டடம் பத்து நிமிடம் ஆடியது. கீழே ஷிண்டோ 3தான். சக்கரம் வைத்த மேசை, பியானோ, காப்பி மெஷின் எல்லாம் அறையில் ஓடும். சக்கரத்தைப் பூட்டியே வையுங்கள். 7, 8-இல் சொன்ன தண்ணீரும் பொட்டலமும் உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம். லிஃப்ட் நின்றபின் 12 லிட்டர் பெட்டியை முப்பது மாடி தூக்கிப் பார்த்தால் தெரியும்.

12. ஆபீஸ்ல இருக்கும்போது ரயில் நின்னுட்டா, நடந்தே வீட்டுக்குப் போயிடலாமா?

முதல் மூன்று நாள் நகரவேண்டாம். 2011 அன்று தலைநகர் வட்டாரத்தில் சுமார் 51.5 லட்சம் பேர் வீடு திரும்ப முடியாமல் சிக்கினார்கள். அத்தனை பேரும் சாலையில் இறங்கினால் ஆம்புலன்ஸ் போகாது, நெரிசல் வரும், எதிரே தீ இருந்தால் திரும்ப வழியிருக்காது. 2013 ஏப்ரலில் அமலான டோக்கியோ விதி, ஊழியர்களை அலுவலகத்திலேயே தங்கவைத்து மூன்று நாளுக்குத் தண்ணீர், உணவு, போர்வை வைத்திருக்கும்படி நிறுவனங்களைக் கேட்கிறது. உங்கள் மேசை இழுப்பறையில் நடக்கும் ஷூவும் சார்ஜரும் இருக்கட்டும்.

13. நான் ஆபீஸ்ல, குழந்தை ஸ்கூல்ல, அவர் வேற ஊர்ல. எப்படிக் கண்டுபிடிக்கறது?

பெற்றோரோ, முன்பே எழுதிக்கொடுத்த ஆளோ வரும்வரை பள்ளி குழந்தையை வைத்துக்கொள்ளும். நீங்கள் இருவரும் 12-இல் சொன்னபடி சிக்கிக்கொள்ளலாம்; ஆகவே நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரு நண்பர் பெயரையும் பள்ளியில் கொடுத்துவையுங்கள்.

குரல் அழைப்பு கிடைக்காது. 171-க்கு அடியுங்கள்: 1 அழுத்தினால் பதிவு, 2 அழுத்தினால் கேட்பது, பிறகு ஒரு ஜப்பானிய போன் எண். ஒரு செய்தி 30 நொடி. எந்த எண்ணில் பேசி வைப்பது என்பதை இன்றே முடிவுசெய்யுங்கள், ஆளுக்கு ஒரு எண்ணில் பதிந்தால் யாருக்கும் கேட்காது. ஒவ்வொரு மாதமும் 1, 15 தேதிகளில் பழகிப் பார்க்கலாம். ஊரில் இருப்பவர்களுக்கு எழுத்துச் செய்தி போதும், வீடியோ கால் வேண்டாம். பச்சை நிறப் பொதுத் தொலைபேசிகளுக்கு முன்னுரிமை உண்டு. பத்து யென் காசு கொஞ்சம் பையில் போட்டுவையுங்கள்.

14. ஹினான்பாஷோ, ஹினான்ஜோ ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. பாஷோ என்பது தீயிலிருந்தும் விழும் பொருளிலிருந்தும் தப்பி நிற்கும் இடம். பெரும்பாலும் பெரிய பூங்கா. அங்கே சாப்பாடும் படுக்கையும் இருக்காது. ஜோ என்பது தங்கும் முகாம். பெரும்பாலும் பள்ளி உடற்பயிற்சிக் கூடம். வீடு இருக்கத்தக்க நிலையில் இருந்தால் இரண்டுக்கும் போகவேண்டியதில்லை, வீட்டிலேயே இருங்கள். முகாமுக்குப் போக எந்த நாட்டுக்காரர், என்ன விசா என்று யாரும் தடுக்கமாட்டார்கள்.

காரில் படுப்பவர்கள் கவனம். 2016 குமமோட்டோவில் காலை மடக்கியபடியே நாள்கணக்கில் காரில் தூங்கியவர்களுக்குக் கால் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்தது. தண்ணீர் குடியுங்கள், இறங்கி நடங்கள்.

15. நிஷிகசாய் கடலோரம்தானே, சுனாமி வராதா?

டோக்கியோ விரிகுடாவின் வாய் குறுகல். நகரப் பகுதிக்கு அரசின் கணிப்பு அதிகபட்சம் இரண்டரை மீட்டரைச் சுற்றி; கரைச்சுவர்கள் அதைவிட உயரம். ஆனால் நிஷிகசாய் இருக்கும் எடோகாவா வார்டின் நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் ஏற்றக் கடல்மட்டத்துக்குக் கீழே. ஆட்டத்தில் கரை உடைந்தால் தண்ணீர் உள்ளே வரும். பலத்த ஆட்டத்துக்குப் பின் ஆற்றங்கரைக்குப் போகாதீர்கள். உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு மேலே இருங்கள்.

கமகுரா, இஸு கடற்கரைக்குச் சுற்றுலா போயிருந்தால் கணக்கே வேறு. ஆட்டம் பலமாகவோ, நிமிடத்துக்கு மேலோ இருந்தால் சைரனுக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஏறுங்கள். 2004-இல் நம் கடற்கரையில் கடல் உள்வாங்கியது நினைவிருப்பதால், உள்வாங்காத வரை பயமில்லை என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். உள்வாங்காமலும் வரும். 2024 ஜனவரி 1 நோட்டோ நிலநடுக்கத்தில் சில நிமிடத்திலேயே வந்தது. முதல் அலைக்குப் பின் இறங்காதீர்கள், எச்சரிக்கை நீங்கட்டும்.

16. பெரிய ஆட்டம் முடிஞ்சாச்சு. இனி வர்றது சின்னதுதானே?

2016 ஏப்ரல் 14 இரவு மஷிகியில் ஷிண்டோ 7. அதுதான் பெரியது என்று எண்ணி வீடு திரும்பியவர்கள் உண்டு. 16-ஆம் தேதி அதிகாலை அதே ஊரில் மறுபடியும் ஷிண்டோ 7, முதலாவதைவிடப் பெரிய நிலநடுக்கம். வானிலை முகமை இப்போது 'ஒரு வாரம் அளவுக்கு இதே அளவு ஆட்டத்தை எதிர்பாருங்கள்' என்றுதான் சொல்கிறது. விரிசல் விட்ட வீட்டுக்குள் பாஸ்போர்ட் எடுக்கக்கூடப் போகாதீர்கள். வாசலில் ஒட்டும் தாளைப் பாருங்கள்: பச்சை போகலாம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு நுழையாதே.

17. மேசைக்கடியில போகாதே, சோபா பக்கத்துல முக்கோண இடத்துல படுன்னு வாட்ஸ்அப்ல வருதே?

பழைய ஃபார்வர்டு. கட்டடம் தட்டையாக நசுங்கினால் எது உயிர் காக்கும் என்பதை வைத்துச் சொன்னது. இங்கே நடப்பது 3-இல் சொன்னபடி சாமான் விழுவது. சோபா அருகே படுத்தால் அலமாரி உங்கள்மேல் விழும். நிலைப்படிக்கடியில் நிற்பதும் அப்படித்தான், இந்தக்காலக் கதவுச்சட்டம் எதையும் தாங்காது.

ஒரே விதிவிலக்கு ஊரில்: மண் சாந்தில் கட்டிய கல்சுவரும் கனமான கூரையும் உள்ள ஒற்றைத்தள வீட்டில், வாசல் இரண்டு எட்டில் இருந்தால் வெளியே போவதுதான் சரி. 1993-இல் லாத்தூரில் அப்படிப்பட்ட வீடுகள்தான் ஆட்களைக் கொன்றன.

18. இந்தத் தேதியில பெரிய பூகம்பம்னு வருதே, டிக்கெட் போட்டு ஊருக்குப் போயிடலாமா?

நாளும் நேரமும் சொல்லும் அறிவியல் இன்னும் கிடையாது. 2025 ஜூலை பற்றிய ஒரு வதந்தியால் ஹாங்காங்கிலிருந்து விமானச் சேவைகளே குறைந்தன, சொன்ன பேரழிவு வரவில்லை. தெற்கு கான்டோவில் (டோக்கியோவும் சுற்றுப்பகுதியும்) மேக்னிட்யூட் 7 அளவு நிலநடுக்கம் முப்பது ஆண்டுக்குள் வர வாய்ப்பு 70 சதவீதம் என்று அரசுக் குழு சொல்வது வேறு வகை: அது தேதி அல்ல, அலமாரியைக் கட்டச் சொல்லும் காரணம்.

19. ஊர்லேருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. பகல்ல தனியா இருப்பாங்க, பாஷையும் தெரியாது.

எச்சரிக்கைச் சத்தத்தை அவர்களுக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள், இல்லையென்றால் என்னவென்றே தெரியாது. எந்த மேசைக்கடியில் என்று கையைப் பிடித்துக் காட்டுங்கள்; முட்டிவலியால் குனிய முடியாதவர் நாற்காலியில் உட்கார்ந்து தலையணையால் தலையை மூடினால் போதும். முகவரியையும் உங்கள் எண்ணையும் ஜப்பானிய எழுத்தில் எழுதிய அட்டை, ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை ஒரு வாரத்துக்கு, மாத்திரைப் பெயர் எழுதிய தாள் ஆகியவை வாசல் பையில். ஆம்புலன்சுக்கும் தீக்கும் 119. ஹோன்ஜோ, இகெபுகுரோ, தச்சிகாவா ஆகிய இடங்களில் தீயணைப்புத் துறையின் பயிற்சி மையங்களில் ஆட்டத்தை இலவசமாக அனுபவித்துப் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போங்கள்.

20. ஃபயர் இன்சூரன்ஸ் இருக்கு. போதும்ல?

போதாது. நிலநடுக்கத்தால் பற்றிய தீக்குச் சாதாரணத் தீக் காப்பீடு பணம் தராது. 'ஜிஷின் ஹோகென்' எனும் நிலநடுக்கக் காப்பீட்டைத் தனியாகச் சேர்க்கவேண்டும். தனித்து விற்பதில்லை, தீக் காப்பீட்டோடு ஒட்டித்தான். தீக் காப்பீட்டுத் தொகையில் 30 முதல் 50 சதவீதம்வரைதான் எடுக்கமுடியும். வீட்டுச் சாமானுக்கு உச்சவரம்பு ஒரு கோடி யென். சேதத்தை நாலு படியாகப் பிரித்து 100, 60, 30, 5 சதவீதம் தருவார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் சாமானுக்கு மட்டும் எடுத்தால் போதும்.

ஆட்டம் முடிந்ததும் கூட்டிப் பெருக்குவதற்கு முன் படம் எடுங்கள். கட்டடத்தின் நாலு பக்கமும் தூரத்திலிருந்து, விரிசல்கள் அருகிலிருந்து அளவு நாடாவோடு, உள்ளே விழுந்த சாமான் விழுந்தபடியே. வார்டு அலுவலகத்தில் வாங்கும் 'ரிசாய்' எனும் சேதச் சான்றிதழுக்கு இந்தப் படங்கள் கைகொடுக்கும். நிவாரணமும் வரிச்சலுகையும் அந்தச் சான்றிதழை வைத்துத்தான். 16-இல் சொன்ன வண்ணத் தாள் அதற்குப் பதிலாகாது, அது உள்ளே போகலாமா என்பதற்கு மட்டும்.